விலையைப் பார்த்து நட்ட வெனிலா

"இப்போது எந்தப் பயிருக்கு நல்ல விலை?" வேளாண்மை அலுவலகப் படி ஏறும் விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. ஆனால், அந்த விலை ஏன் ஏறியது என்றும் சேர்த்துக் கேட்பவர்கள் குறைவு. ஒரு பொருள் கிடைக்காதபோதுதான் அதற்கு மவுசு. அந்த மவுசைப் பார்த்து எல்லோரும் நட்டால், அறுவடை வரும்போது அது அரிய பொருளாகவே இருப்பதில்லை. பொள்ளாச்சி, இடுக்கி, குடகுப் பக்கம் தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே வெனிலாக் கொடி ஏற்றியவர்கள் இந்தப் பாடத்தைச் சொந்தக் காசு கொடுத்துக் கற்றார்கள்.

வெனிலா ஏன் அரிது?

ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் மணக்கும் வெனிலா, ஆர்க்கிட் இனத்துக் கொடி ஒன்றின் காய். அதன் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்து கொண்டுபோய் மற்ற நாடுகளில் நட்டபோது கொடி வளர்ந்தது, பூவும் பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தாலும் நடுவே ஒரு மெல்லிய திரை மறைக்கிறது. அதைத் தாண்டி மகரந்தம் சேர்க்கும் தேனீக்கள் மற்ற நாடுகளில் இல்லை. அதனால் சுமார் முந்நூறு ஆண்டுகள் மெக்சிகோ ஒன்றுதான் உலகத்துக்கு வெனிலா கொடுத்தது.

1841-ல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் அந்தத் திரையை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றுவரை உலகம் முழுக்க அதே முறைதான். பூ விடியற்காலையில் விரிந்து, அன்றைக்கே வாடிவிடும். மதியத்துக்குள் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டாக வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு காய். காய் முற்ற சுமார் ஒன்பது மாதம். பிறகு வெந்நீரில் நனைத்து, வெயிலில் காட்டி, கம்பளியில் சுற்றிப் பதப்படுத்த இன்னும் சில மாதங்கள். ஆறு கிலோ பச்சைக் காய் பதமானால் ஒரு கிலோதான் தேறும். இத்தனை கை வேலை இருப்பதால், வெனிலா எப்போதுமே விலை கூடிய பொருள்.

புயல் ஏற்றிய விலை

உலக வெனிலாவில் பெரும்பகுதியைத் தருவது மடகாஸ்கர் தீவு. 2000 ஏப்ரலில் ஹூடா புயல் அங்கே வெனிலா விளையும் பகுதியைச் சூறையாடியது. கொடி போனது, இருப்பு வைத்திருந்த காயும் போனது. பதப்படுத்திய காயின் விலை 2003-ல் கிலோ 400 டாலரைத் தாண்டியது. நம் பக்கத்தில் பச்சைக் காயே கிலோ மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. இரவில் டார்ச் விளக்கும் நாயுமாகத் தோட்டக் காவல் இருந்தார்கள். மடகாஸ்கரில் திருட்டுக்குப் பயந்து, கொடியில் இருக்கும் காயிலேயே ஊசியால் குத்தித் தங்கள் அடையாளத்தைப் பதித்தார்கள்.

காய்க்கு விலை வந்ததும் கொடித்துண்டுக்கும் விலை வந்தது. அந்த நேரத்தில் கையில் கொடி வைத்திருந்தவர்கள் துண்டு நறுக்கி விற்றே சம்பாதித்தார்கள். கடன் வாங்கி அந்தத் துண்டுகளை நட்டவர்கள் ஒன்றை மறந்தார்கள்: வெனிலா பூவுக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகும். பூத்தபின் காய் முற்ற இன்னும் ஒன்பது மாதம்.

அந்த இடைவெளியில் மூன்று காரியங்கள் நடந்தன. மடகாஸ்கரில் மறுநடவு செய்த கொடிகள் காய்ப்புக்கு வந்தன. உகாண்டா, பப்புவா நியூ கினி, இந்தோனேசியா, இந்தியா என்று விலையைப் பார்த்து நட்ட எல்லோருடைய காயும் ஒரே காலத்தில் சந்தைக்கு வந்தது. அதற்குள் ஐஸ்கிரீம், பிஸ்கட் தயாரிப்பவர்களில் பலர் செயற்கை வெனிலினுக்கு மாறிவிட்டார்கள். வெனிலின் 1874-லேயே ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட பொருள். விலையோ மிகக் குறைவு.

2005-ல் உலகச் சந்தையில் விலை 50 டாலருக்கும் கீழே இறங்கியது. நம் பக்கத்தில் மூவாயிரத்துக்குப் போன பச்சைக் காயை நூறு ரூபாய்க்கு வாங்கவும் ஆள் தேட வேண்டியிருந்தது. பூவைத் தொடும் கூலிக்குக்கூடக் கட்டாமல் பலர் கொடியை அப்படியே விட்டுவிட்டார்கள், சிலர் பிடுங்கி எறிந்தார்கள்.

2017 மார்ச்சில் எனாவோ புயல் மடகாஸ்கரைத் தாக்கியது. 2018-ல் விலை கிலோ 600 டாலர் அளவுக்குப் போய், எடைக்கு எடை வெள்ளியை மிஞ்சியது. பின்னர் மறுபடி சரிந்தது. இரண்டு முறையும் லாபம் பார்த்தவர்கள், விலை இல்லாத காலத்திலும் கொடியைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களே.

மல்லிகையின் கணக்கு வேறு

எல்லாத் தட்டுப்பாடும் புயலைப் போல எப்போதோ வருவதில்லை. மார்கழி, தை மாதங்களில் மதுரை மல்லிகைக்கு வரும் தட்டுப்பாடு வருடம் தவறாதது. பனியும் இரவுக் குளிரும் மொட்டைக் குறைத்துவிடும். பொங்கலும் தை முகூர்த்தமும் அதே நேரத்தில் வரும். கோடையில் கிலோ இருநூறு, முந்நூறுக்கு விற்கும் பூ அப்போது மூவாயிரத்தையும் தாண்டும்.

செய்தித்தாளில் அந்த விலையைப் பார்ப்பவர்களுக்கு மல்லிகை விவசாயி பணத்தில் புரள்வதாகத் தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். கோடையில் தினம் 20 கிலோ பறிக்கும் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 200 என்றால் 4,000 ரூபாய். பனியில் அதே தோட்டத்தில் ஒரு கிலோ கிடைத்து, அது 3,000-க்குப் போனாலும் வரவு 3,000 ரூபாய்தான். பறிகூலி குறைவது உண்மை. ஆனாலும் விலை பதினைந்து மடங்கு ஏறிய நாளில் அந்த வீட்டு வரவு குறைந்திருக்கிறது. விலை வேறு, வருமானம் வேறு.

இந்தத் தட்டுப்பாடு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் மல்லிகையில் உள்ள அனுகூலம். அதனால், எல்லாச் செடியையும் நவம்பர் கடைசியில் ஒரே மூச்சில் கவாத்து செய்யாமல், தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டியே கவாத்து செய்து, பனிக்காலத்தில் ஓரளவு பூ எடுக்க முயல்கிறார்கள் சிலர். ஒரு மூலையில் சிறிதாகச் செய்து பார்த்து, தன் மண்ணுக்கும் பாசனத்துக்கும் ஒத்துவந்தால் அடுத்த வருடம் கூட்டிக்கொள்ளலாம்.

நடும் முன் கேட்க வேண்டியவை

1. இந்தத் தட்டுப்பாடு எதனால் வந்தது? புயல், நோய் போல ஒருமுறை வந்து போவதா, பருவம்தோறும் வருவதா?

2. நான் நட்டு அறுவடை செய்ய எவ்வளவு காலமாகும்? அதற்குள் எத்தனை பேர் நட முடியும்? ஒற்றை நாற்று நடவில் ஒரு கிலோ விதை நெல் ஒரே போகத்தில் சில நூறு கிலோவாகும். அரிய பாரம்பரிய நெல் என்ற பெயருக்காக மட்டும் வரும் விலை, பக்கத்து வயலுக்கு விதை போனதும் குறையத் தொடங்கும். உணவுக்கென்று தேடி வாங்கும் வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருப்பவருக்கே அது நிற்கும்.

3. வாங்குபவருக்கு மாற்றுப் பொருள் உண்டா? வெனிலாவுக்கு எசன்ஸ் வந்தது போல இதற்கும் வருமா?

4. விலையைச் சொல்பவர் விளைபொருளை விற்பவரா, நாற்று விற்பவரா? நாற்று விற்பவருக்கு நாம் நட்ட அன்றே லாபம் முடிந்துவிடுகிறது.

5. விலை பத்தில் ஒரு பங்காக இறங்கினாலும் பறிகூலி கட்டுமா? கட்டாது என்றால், கடன் வாங்கி நடக்கூடாது. இருக்கும் பயிருக்கு இடையில் பத்து சென்ட்டில் நட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெனிலாவை நட்டது குற்றமில்லை. தென்னைக்கு ஊடுபயிராக, கைக்காசில், கொஞ்சமாக நட்டவர்களுக்கு விலை விழுந்தபோது நஷ்டம் கொஞ்சம்தான். தென்னை அவர்களுக்குச் சோறு போட்டது. இருந்த பயிரையும் அழித்துவிட்டுக் கடனில் நட்டவர்களுக்கு வெனிலாவும் இல்லை, பழைய பயிரும் இல்லை. அடுத்த முறை ஏதோ ஒரு பயிர் 'கிலோ ஆயிரம்' என்று காதில் விழுந்தால், அது இப்போது கையில் இருப்பவருக்குக் கிடைக்கும் விலை என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். உங்கள் அறுவடை நாளின் விலையை யாரும் இன்றைக்குச் சொல்லிவிட முடியாது.