எண்ணெய்ப் பணமும் பிரஜையின் உரிமையும்

ஒரு தேசத்தின் பொக்கிஷம் பூமிக்கடியிலிருந்து வரும் ஒரே பொருளை நம்பியிருக்குமானால், அதன் விலை உலகச் சந்தையில் உயரும்போது சர்க்காரின் செலவும் உயர்ந்து, விலை சரியும்போது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய பணமும் குறைக்கப்படும் என்பதை நைஜீரியாவின் சரித்திரம் தெளிவாக உணர்த்துகிறது. 1956-இல் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் ஓலோயிபிரி என்னும் ஊரில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1958-இல் ஏற்றுமதியும் தொடங்கிய பின்னர், நிலக்கடலையும் கொக்கோவும் பனை எண்ணெயும் விற்று வாழ்ந்த அந்நாடு, 1973-இன் விலையேற்றத்தால் மயங்கி, அரசாங்க வருமானத்தின் பெரும்பகுதிக்கு எண்ணெயையே சார்ந்திருக்கலாயிற்று.

செல்வம் பெருகிய காலத்தில் ஏற்படுத்திய உத்தியோகங்களையும் சம்பளங்களையும் பின்னர் குறைப்பது அரிதாதலால், கஷ்ட காலத்தில் பெரிதும் வெட்டுண்பவை வருங்கால வளர்ச்சிக்கு ஆதாரமான சாலை, மின்சாரம், பாசனம் முதலியவற்றுக்கான மூலதனச் செலவுகளே. 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கிய அந்த இடைக்காலத்தில், பல மாநிலங்கள் தம் ஊழியருக்கு மாதக்கணக்கில் சம்பளம் தர இயலாமல் தவித்தன. 2016-இல் தேசத்தின் மொத்த உற்பத்தியே சுருங்கியது.

இதற்குப் பரிகாரமாக, பட்ஜெட்டில் அனுமானித்த விலைக்கு மேல் கிடைப்பதைச் சேமிக்க 2004-இல் தனிக் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டு, 2008-இன் இறுதிக்குள் அதில் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் சேர்ந்தது. ஆனால் பொது வருமானம் முழுவதும் பங்கிடப்பட வேண்டும் என்னும் அரசியல் சட்ட விதியைக் காட்டி மாநிலங்கள் வழக்காட, மத்திய சர்க்காரும் விருப்பம்போல் எடுத்துச் செலவிட, அது காலப்போக்கில் 5 இலட்சம் டாலருக்கும் குறைவாகக் கரைந்தது.

வரிப்பணத்தால் நடைபெறாத சர்க்கார், குடிமக்களுக்குக் கணக்குச் சொல்லும் பழக்கத்தை எளிதில் இழந்துவிடும். ஆதலால் கேட்கும் கடமை மக்களுடையதாகிறது. அதற்கு நைஜீரியாவின் சட்டங்களும் துணைநிற்கின்றன. 2011-இன் தகவல் சுதந்திரச் சட்டப்படி எவரும், காரணம் கூறாமலே, அரசாங்க அலுவலகத்தில் தகவல் கோரலாம். 7 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தை அணுகலாம். 2007-இன் நிதிப் பொறுப்புச் சட்டம், தமக்கு நேரடி நஷ்டம் உண்டென்று நிரூபிக்காமலே, அதன் விதிகளை நிறைவேற்றக் கோரி மத்திய உயர் நீதிமன்றம் செல்ல எவரையும் அனுமதிக்கிறது. கேட்கும் உரிமையோடு பங்கு பெறும் உரிமையும் உண்டு: எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் முந்தைய ஆண்டின் இயக்கச் செலவில் 3 சதவீதத்தை அவ்வட்டார மக்களின் அறக்கட்டளைக்கு அளிக்க வேண்டுமென 2021-இன் பெட்ரோலியத் தொழில் சட்டம் விதிக்கிறது.

எனவே, இவ்வாண்டுப் பட்ஜெட் எந்த விலையை ஆதாரமாகக் கொண்டது, அதற்கு மேல் வந்த பணம் எக்கணக்கில் சேர்ந்தது, அதை யாருடைய அனுமதியோடு எடுத்தார்கள் என்னும் மூன்று கேள்விகளை, எண்ணெய் விலை உயர்ந்திருக்கும் நல்ல காலத்திலேயே எழுத்து மூலமாகக் கேட்பது ஒவ்வொரு பிரஜைக்கும் அவசியம். பணம் தீர்ந்தபின் கேட்டால் பதில் கிடைக்கலாம், பணம் திரும்பாது.