வீட்டுக்குள் மின்சாரம் – 9: எம்.சி.பி. எத்தனை ஆம்ப்?

‘அடிக்கடி டிரிப் ஆகுதுப்பா, 16-ஐக் கழற்றிட்டு 32 போட்டுடு’ என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லும் வீடுகள் ஏராளம். சிலர் மறுபேச்சில்லாமல் மாற்றியும் கொடுத்துவிடுகிறார்கள். டிரிப் ஆவது நின்றுவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எம்.சி.பி.யை வைப்பதே சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான். அதனால் அது எத்தனை ஆம்ப் என்பதை ஒயரின் கனத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு சமையலறைக் கணக்கைப் பார்ப்போம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப். கெட்டில் 1500 வாட், 6.5 ஆம்ப். மிக்சி 750 வாட், 3.3 ஆம்ப். மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 18.5. அதற்காக 16 ஆம்ப் எம்.சி.பி. உடனே விழாது. 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரமாவது அது தாங்க வேண்டும், 1.45 மடங்கானால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பது தரநிலை. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைவதற்கான அவகாசம் அது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் கதை வேறு: காந்தச் சுருள் அந்தக் கணமே இழுத்துத் துண்டித்துவிடும்.

இப்போது அதே இடத்தில் 32 வந்தால்? 36 ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது அசையாது. குழாய்க்குள் போகும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் நம் ஊர் வெயிலில் தாங்குவதோ சுமார் 20 ஆம்ப். சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டித் தாண்டிச் சூடானால் உறை இறுகி வெடிக்கும். பூச்சுக்குள் நடப்பதால் யார் கண்ணிலும் படாது.

ஆகவே 1.5 ஒயருக்கு 6 அல்லது 10, 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25 என்று வைத்துக்கொள்வது நல்லது. இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி லைன் இழுப்பதே மேலே சொன்ன வீட்டுக்குச் சரியான வைத்தியம். செலவு ஆகும்தான், ஆனாலும் இதில் சமரசம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். ‘பி’ வகை 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் சட்டென்று விழும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில். ஏ.சி., தண்ணீர் மோட்டார் போன்றவை கிளம்பும்போது ஒரு கணம் மின்சாரத்தை அள்ளி இழுக்கும் என்பதால் அவற்றுக்கு ‘சி’தான் பொருத்தம். கட்டத்துக்குள் 6000 என்றிருந்தால், ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் 6000 ஆம்ப் வரை பத்திரமாகத் துண்டிக்கும் என்று பொருள்.

இத்தனை சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் மனிதரைத் தாக்கும் ஷாக்கை எம்.சி.பி. தடுக்காது. உயிரைப் பறிக்க ஒரு ஆம்ப்பில் சிறு பங்கே போதும், அது எம்.சி.பி.க்கு உறைக்காது. அதற்கு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)