காயத்தைக் கேட்காமலே பாடம் நடத்தலாம்

அதட்டலாகப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்டதும் ஒரு மாணவி பேச்சே வராமல் நிற்கிறாள். படித்திருக்கமாட்டாள் என்று ஆசிரியர் முடிவுகட்டுகிறார். படிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அடிதடி நடக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அதட்டும் குரலே ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்தில் உடம்பு தற்காப்புக்குத் தயாராகிவிடும். யோசிக்கவும் நினைவுகூரவும் உதவும் மூளை முன்பகுதியின் வேலை மந்தமாகிவிடும்.

இப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அமெரிக்காவின் சான் டியேகோவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முதல் கட்டுரை 1998இல் வந்தது. வன்முறை, புறக்கணிப்பு, வீட்டில் குடிப்பழக்கம் என ஏதோ ஒன்றையாவது சிறுவயதில் அனுபவித்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர். நம் வகுப்பறைகளில் சாதி அவமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அதற்காக, காயப்பட்டவர் யார் என்று தேடிப் போக வேண்டாம். தனியே அழைத்து "வீட்ல என்ன பிரச்சினை?" என்று துருவுவது அக்கறையாகத் தெரியலாம், கேட்கப்படுபவருக்கு அது இன்னொரு விசாரணை. எல்லோருக்குமாக வகுப்பின் நடைமுறையை மாற்றுவதே மனக்காயத்தை உணர்ந்து பாடம் நடத்தும் முறையின் அடிப்படை. இன்டர்னல் மார்க் எப்படிப் பிரியும் என்பதை முதல் வாரமே சொல்லிவிடலாம். வாயால் சொல்ல முடியாதவர் எழுதித் தரலாம். சட்ட வகுப்பில் பாலியல் வன்முறை வழக்கு வரப்போகிறதென்றால் முந்தின நாளே தெரிவிக்கலாம். அசைன்மென்ட்டுக்கு எல்லோருக்கும் ஒருமுறை இரண்டு நாள் கூடுதல் அவகாசம் என்று விதியே வைத்துவிட்டால், யாரும் தன் சோகக் கதையைச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நடைமுறையே காயப்படுத்துவதும் உண்டு. "எஸ்சி ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எந்திரிங்க" என்று வகுப்பில் அறிவிப்பது இன்னும் ஒழியவில்லை. உரியவர்களின் போனுக்குச் செய்தி அனுப்ப எவ்வளவு நேரமாகும்? சலுகை பெறத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அதையும் தேர்வு நாள் காலையில் கெஞ்சி வாங்கும்படி விட்டால், விதி இருந்தும் பயனில்லை.

இதெல்லாம் செல்லம் கொடுப்பது என்பார்கள். ஆனால் வினாத்தாள் அதேதான், திருத்தும் அளவுகோலும் அதேதான். ஆசிரியர் மனநல மருத்துவராக வேண்டியதும் இல்லை. மாணவர் தானாக வந்து சொன்னால் கேட்டுக்கொண்டு, கல்லூரி ஆலோசகரிடமோ 24 மணி நேரமும் இயங்கும் டெலிமானஸ் மனநல உதவிக்கான கட்டணமில்லா எண் 14416க்கோ வழிகாட்டினால் போதும், தமிழிலேயே பேசலாம்.