லாரி ஏன் கிளம்பவில்லை?

மாணவர்களே, 'டி.என். 28' எனத் தொடங்கும் பதிவெண் கொண்ட லாரியை உங்கள் ஊரில் கண்டிருக்கிறீர்களா? அது நாமக்கல்லில் பதிவு செய்யப்பட்ட வண்டி. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகவும் நாக்பூர் வழியாகவும் செல்கிறது. அத்தகைய பழைய லாரி ஒன்று நாக்பூரில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு தெற்கே வருகிறது. இரவில் சாலையோரம் நிற்கிறது. காலையில் கிளம்ப மறுக்கிறது எனக் கொள்வோம். நேரம் செல்லச் செல்லப் பழம் அழுகும். ஓட்டுநரின் வருவாயும் குறையும். ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றினால் பணமும் வீணாகும். ஆகவே, முறையாகக் காரணம் தேடவேண்டும்.

எஞ்சினின் தேவைகள்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளையினுள் காற்று வலுவாக அழுத்தப்படுவதால் அதன் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அச்சூட்டில், 'நாசில்' நுண்துளிகளாகத் தெளிக்கும் டீசல் தானே தீப்பற்றுகிறது. எனவே தேவையானவை மூன்று: காற்று, அழுத்தம், டீசல். தொடக்கத்தில் எஞ்சினைச் சுழற்ற மின்கலமும் 'செல்ஃப்' மோட்டாரும் வேண்டும்.

முதல் வினா: எஞ்சின் சுழல்கிறதா?

சுழலவில்லை எனில், மின்கலத்தைப் பார்க்கவேண்டும். பெரிய லாரிகளில் பொதுவாக 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டு இணைந்து 24 வோல்ட் தருகின்றன. அவற்றின் முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி, இணைப்பை இறுக்கியவுடன் கிளம்பிய வண்டிகள் பல. செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

இரண்டாம் வினா: புகை வருகிறதா?

எஞ்சின் சுழன்றும் கிளம்பவில்லை எனில், புகைக்குழாயைக் கவனிக்கவேண்டும். புகையே இல்லையெனில், டீசல் உருளையை அடையவில்லை என்று கருதலாம். வெண்புகை வந்தால், டீசல் சென்றும் எரியவில்லை. கடுங்குளிரோ அழுத்தக் குறைவோ காரணமாகலாம்.

நம் லாரியில் புகை இல்லை. தொட்டியில் டீசல் இருக்கிறது. அப்படியானால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கக்கூடும். இதனை 'ஏர் பிடித்துவிட்டது' என்பார்கள். மெக்கானிக் வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்துவார். குமிழ்கள் நுரைத்து வரும். குமிழில்லாத டீசல் வந்ததும் திருகை இறுக்குவார். வண்டி கிளம்பிவிடும்.

ஆனால் மறுநாள் காலையும் அது நின்றுவிட்டால்? தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பழைய ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம். அங்கே பம்பு டீசலை உறிஞ்சுவதால், வெளியே ஒரு சொட்டும் கசியாமல் உள்ளே காற்று நுழையும். இரவில் நிற்கும்போது டீசல் தொட்டிக்கே திரும்பிவிடும். ஏர் எடுப்பது அன்றைய நிவாரணமே; குழாயை மாற்றுவதே தீர்வு.

மூன்றாம் வினா: எந்த உருளை வேலை செய்யவில்லை?

சில வேளைகளில் வண்டி கிளம்பியும் குலுங்கிக் குலுங்கி ஓடும். இதனை 'மிஸ்ஸாகிறது' என்பார்கள். பழைய வகை எஞ்சினில், அது மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் மரையையும் மெக்கானிக் சற்றே தளர்த்துவார். ஓசை மாறினால் அந்த உருளை நலமாக உள்ளது. மாறாவிட்டால் பழுது அங்கேதான். பின்னர் அந்த நாசிலை வேறோர் உருளையின் நாசிலுடன் மாற்றிப் பொருத்துவார். பழுதும் உடன் இடம் மாறினால் நாசிலே குற்றவாளி. மாறாவிட்டால் வால்வு, பிஸ்டன் வளையம் முதலியவற்றைச் சோதிக்கவேண்டும். உயரழுத்த டீசல் தோலையும் துளைக்கும். ஆகவே இவ்வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதால்தான் காரணம் தெளிவாகிறது. இரண்டை ஒன்றாக மாற்றினால் வண்டி ஓடலாம். எதனால் ஓடியது என்பது விளங்காது. கணக்கில் விடை பிழைக்கும்போதும் ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்
ஊகித்து – உத்தேசமாக எண்ணி
மரை – திருகி இறுக்கும் உலோகத் துண்டு
நிவாரணம் – தற்காலிகத் துயர் நீக்கம்

பயிற்சி
1. டீசல் எஞ்சினில் தீப்பொறி இன்றி எரிபொருள் எவ்வாறு தீப்பற்றுகிறது?
2. வெளியே கசியாத குழாயிலும் காற்று எவ்வாறு நுழைகிறது?
3. உங்கள் வீட்டில் பழுதான பொருள் ஒன்றின் காரணத்தைக் கண்டறியும் வழியை ஐந்து தொடர்களில் எழுதுக.