ஓட்டுப் போடலாம், நிற்கக் கூடாது: தலித் கிறிஸ்தவரும் தனித்தொகுதியும்

தேர்தல் வந்தால் ‘சாமியார் சொன்னா ஊரே ஓட்டுப் போடும்’ என்கிற பேச்சும் கூடவே வந்துவிடும். கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் அரசியலுக்குமான உறவை முற்போக்காளர்களாகிய நாமும் இந்த ‘ஓட்டு வங்கி’ச் சொல்லாடலுக்குள் வைத்தே பேசி வருகிறோம். அதில் மறைந்துபோகிற ஒன்றை நான் இங்கு விளக்க முயல்கிறேன். மதம் ஓட்டைத் தீர்மானிக்கிறதா என்பது ஒருபுறமிருக்கட்டும்; யார் வேட்பாளர் ஆகலாம் என்பதை அரசே மதத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது.

தனித்தொகுதியில் எந்தச் சாதியினரும் மதத்தினரும் ஓட்டுப் போடலாம். நிற்பதற்குத்தான் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். யார் பட்டியல் சாதி? 1950 ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி அல்ல என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். ஆக, தமிழ்நாட்டின் 44 தனித்தொகுதிகளில் ஒன்றில்கூட தலித் கிறிஸ்தவர் வேட்பாளரா நிக்க முடியாது. வரிசையில நின்னு ஓட்டுப் போட்டுட்டு வரலாம். தனித்தொகுதிகளின் எண்ணிக்கையும் பட்டியல் சாதி மக்கள்தொகையைக் கொண்டே முடிவாகிறது. அந்தக் கணக்கிலும் இவர்கள் இல்லை.

பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை கிடையாது. நாகாலாந்திலும் மிசோரமிலும் பழங்குடித் தொகுதிகளில் கிறிஸ்தவர்கள் நின்று ஜெயிக்கிறார்கள். ஒரே பைபிள், ஒரே அரசியல் சட்டம். தீண்டாமையை இந்து மதத்தின் (பின்னர் சீக்கிய, பௌத்த மதங்களின்) உள்விவகாரமாக அரசு வரையறுத்திருப்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

வெள்ளையர் காலத்து 1936ஆம் ஆண்டு ஆணையும் இந்தியக் கிறிஸ்தவரைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. ஆனால் அப்போது வேறொரு கதவு இருந்தது: 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கென 8 இடங்கள். 1949இல் அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினரின் தனி இடங்களைக் கைவிட்டபோது எச்.சி. முகர்ஜி, ஜெரோம் டிசூசா போன்ற கிறிஸ்தவத் தலைவர்கள் அதை ஆதரித்தனர். அடுத்த ஆண்டு மூன்றாம் பத்தி வந்தது. விட்டுக்கொடுத்தவர்கள் யார், இழந்தவர்கள் யார் என்று கேட்டாக வேண்டும்.

பிறகு நம்பிக்கையை நீதிமன்றம் விசாரிக்கத் தொடங்கியது. கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967இல் ஜெயித்த ராஜகோபால், 1949இல் கிறிஸ்தவரானவர் என்பதால் அவரது வெற்றி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது. 1972இல் அவரே மறுபடி ஜெயித்தார், மறுபடி வழக்கு. 1975 டிசம்பரில் அதே நீதிமன்றம், அவர் இந்துவாகத் திரும்பிவிட்டார், சாதியாரும் ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே ஆதிதிராவிடரே என்றது. தென்னிந்தியாவில் மதம் மாறியதாலேயே சாதி போய்விடுவதில்லை என்பதையும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. மூன்றாம் பத்தியோ அப்படியே இருந்தது.

2021இல் கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் ஏழாயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா. சர்ச் பதிவேடுகளும் கல்யாணப் போட்டோக்களும் சாட்சியமாயின. 2023இல் உயர் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பதை ‘ஊழல் நடவடிக்கை’ என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. வேட்பாளரின் கல்யாண உடுப்பு வரைக்கும் மதத்தைத் துருவுவதற்கோ தடையில்லை.

இங்கே விசுவாசம் என்பது மனசாட்சியாக இல்லாமல் ஆவணமாகிவிடுகிறது. கோயில்ல ஒரு பேரு, சர்ட்டிபிகேட்ல ஒரு பேரு. சலுகைக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரெண்டு பேரு வச்சுக்கும்படி ஒரு மனுசனைத் தள்ளிய ஆணைக்கு என்ன பெயர் வைப்பது?

திருச்சபைகளும் யோக்கியமில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து எழுப்பிய சுவர் ஊரறிந்தது. சாமியார்களின் ‘கிறிஸ்தவ வாக்கு’ப் பேரத்தில் தலித்தின் தலை எண்ணப்படும், குரல் எடுபடாது. கல்லறையில் தலித், வேட்புமனுவில் கிறிஸ்தவர்.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், 2007இல். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் போட்டது. நாமோ இதை ஸ்காலர்ஷிப், வேலை என்று சலுகைக் கோரிக்கையாகவே பேசி வருகிறோம். பங்கு குறையுமே என்கிற இந்து தலித்துகளின் கவலை நியாயமானது. வேலைவாய்ப்பில் சதவீதத்தை உயர்த்தாமல் அது தீராது. ஆனால் தொகுதிக் கணக்கு வேறு: மக்கள்தொகையில் இவர்களும் எண்ணப்பட்டால், மறுவரையறையில் தனித்தொகுதிகளும் கூட வேண்டும். இதைப் பிரதிநிதித்துவக் கோரிக்கையாக முன்வைத்தால் இரு தரப்பும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்று நினைக்கிறேன். தலித் அமைப்புகள் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.