கஞ்சாச் சட்டமும் ஒரகடத்துத் தொழிலாளியும்

கனடா தேசம் 2018 அக்டோபரிலும் ஜெர்மனி 2024 ஏப்ரலிலும் கஞ்சாவின் மீதிருந்த தடையைச் சட்டமியற்றியே தளர்த்திவிட்டன என்பதையும், பட்டியாலா மக்களவை உறுப்பினராயிருந்த தரம்வீரா காந்தி 2016இல் நம் நாட்டிலும் அதற்கென ஒரு தனிநபர் மசோதா கொணர முற்பட்டார் என்பதையும் கைப்பேசியில் பார்த்துவிட்டு, இனி இதற்குப் பெரிய தண்டனை இராது என்று நம்பும் இளைஞர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாடகை அறைகளில் உண்டு. அம்மசோதா சட்டமாகவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. அதை நீக்குவது பாராளுமன்றத்தின் காரியம்.

வெள்ளையர் ஆட்சியில் 1893–94இல் கஞ்சாவை ஆராய்ந்த கமிஷனே முழுத்தடை அவசியமில்லை என்று அபிப்பிராயம் சொல்லியிருக்க, 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை விதித்த இருபத்தைந்தாண்டுக் கெடு முடிவதற்குள்தான் நம் சட்டம் பிறந்தது. ஆகவே தடை தொடரலாமா என்று தர்க்கிப்பது நியாயமே, தர்க்கிக்க வேண்டியதும்கூட. ஆனால் தர்க்கம் முடியுமுன் பிடிபடுகிறவனுக்கு அதனால் லவலேசமும் பிரயோஜனம் இல்லை.

தண்டனை எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; அதற்கு மேல் பத்தாண்டு வரை; இருபது கிலோவைத் தாண்டினாலோ குறைந்தது பத்தாண்டு, ஜாமீனும் குதிரைக்கொம்பு. பிற பொருளோடு கலந்திருந்தால் கலவை முழுவதன் எடையையே கணக்கிட வேண்டுமென்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், கஞ்சா கலந்த சாக்லேட்டை அற்பமென்று எண்ணுவது விபரீதம்.

ஒடிசா–ஆந்திர எல்லை மலைகளிலிருந்து கஞ்சா ரயிலேறி வரும் இக்காலத்தில், ஊரிலிருந்து திரும்புகிற காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் 'இந்தப் பையை மட்டும் எடுத்துப் போ, அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார்' என்று ஒருவர் நீட்டும்போது, உள்ளே இருப்பது தனக்குத் தெரியாது என்பதை நிரூபிக்கும் பாரம் பின்னர் அவன் தலையிலேயே விழும் என்பதை யாரும் சொல்வதில்லை. எட்டுப் பேர் ஷிப்டு மாற்றிப் படுத்தெழும் அறையின் பரணில் ஒருவன் ஒளித்த பொட்டலத்துக்கு மற்ற எழுவரும் போலீஸ் நிலையம் போய் நிற்க நேரிடலாம்.

உரிமைகளும் இல்லாமலில்லை. உடலைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கோரலாம் என்பதை அதிகாரியே சொல்லியாக வேண்டும் (கைப்பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை). பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். கைதின் காரணத்தைத் தெரிவித்து, பிரயாண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று 2020இல் தீர்ப்பானது தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற தூஃபான் சிங் வழக்கில்தான். தமிழ் தெரியாத பீகார், ஒடிசா வாலிபர்கள் எழுதியிருப்பது விளங்காத காகிதத்தில் கையெழுத்திடாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதே உசிதம்.

பழக்கத்துக்கு அடிமையாகி, உபயோகத்துக்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு அங்கீகரித்த சிகிச்சை நிலையத்தில் தாமாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடிவந்தால் விலக்கும் போகலாம். சிகிச்சைக்கு வழி கேட்கத் தொலைபேசி எண் 14446. காவலில் இருப்பவருக்கும், 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. அதற்கு எண் 15100.