ஆகஸ்ட் 15 அன்று வேலைக்குப் போனால் எத்தனை நாள் சம்பளம்? விடுமுறைக் கணக்கு இதுதான்!

சுதந்திர தினம், மே தினம் என்றாலே கடைவீதி களைகட்டிவிடும். 'ஹாலிடே ஆஃபர்' பலகையைப் பார்த்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். வாங்கப் போகிற நமக்கு அது லீவு நாள். புடவையை விரித்துக் காட்டுகிற பெண்ணுக்கு? பில் போடுகிற தம்பிக்கு? அன்று உழைத்ததற்கு அவர்கள் கைக்கு என்ன வருகிறது?

பல இடங்களில் மதியச் சாப்பாடு, 'பேட்டா' என்று நூறோ இருநூறோ... அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. வாங்குகிறவர்களும், 'ஏதோ முதலாளி பார்த்துக் கொடுத்தது' என்று பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், இது யாரும் பார்த்துக் கொடுக்கிற விஷயம் இல்லை. எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வக்கீல் வேண்டாம். பேப்பரும் பேனாவும் போதும்.

வருஷத்துக்கு ஒன்பது நாள்!

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனங்களுக்கான விடுமுறை பற்றி 1958-ம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை நாள்கள் சட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும் கட்டாய விடுமுறை. இதோடு ஐந்து பண்டிகை நாள்கள். ஆக மொத்தம் ஒன்பது நாள்கள், சம்பளத்தோடு.

எந்த ஐந்து பண்டிகைகள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். உங்கள் நிறுவனத்தின் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன என்பதை வருஷ ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு அறிவிக்கும் பொது விடுமுறைகள் எல்லாம் தனியாருக்கும் பொருந்தும் என்று நினைப்பது தவறு. அதேபோல, 'தனியாருக்கு லீவே கிடையாது' என்று சொல்வதும் தவறு.

ஜவுளிக் கடை, நகைக் கடை, சூப்பர் மார்க்கெட், ஹோட்டல், தனியார் அலுவலகம், தொழிற்சாலை, தோட்டத் தொழில் என்று பெரும்பாலான இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமல்ல, தினக்கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கும்தான்.

ஒரு நாள் சம்பளம் எவ்வளவு?

இங்கேதான் முதல் சறுக்கல். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து, 'இதுதான் உன் ஒரு நாள் சம்பளம்' என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். ஆனால், தமிழக அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளில், தினச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. மாதத்தில் வரும் நான்கு வார விடுமுறைகளும் சம்பளத்தோடு கூடியவை என்பதால், அவற்றைக் கழித்த கணக்கு இது.

ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய். 30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 433 ரூபாய்தான். வித்தியாசம் நாளைக்கு 67 ரூபாய். ஒன்பது நாள்களுக்கு ஏறக்குறைய 600 ரூபாய். ஒரு கேஸ் சிலிண்டருக்கு ஆகிற செலவில் பெரும்பகுதி!

லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால்?

கூப்பிடலாம். ஆனால், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர் துறைக்கும் அதைத் தெரியப்படுத்த வேண்டும். வேலை செய்தவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம். இரண்டு, அந்த நாளுக்கான சம்பளத்தோடு, மூன்று நாள்களுக்குள் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை. இந்த இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் தொழிலாளியிடம்தான் கொடுத்திருக்கிறது, முதலாளியிடம் இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இது.

13,000 ரூபாய் வாங்கும் அதே பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். இரட்டைச் சம்பளம் என்றால் 1,000 ரூபாய். இதில் 500 ரூபாய் மாதச் சம்பளத்திலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. எனவே, அந்த மாதம் அவர் கையில் 13,500 ரூபாய் வர வேண்டும். தினக்கூலி 500 ரூபாய் வாங்குபவர் என்றால், ஆகஸ்ட் 15 அன்று வீட்டில் இருந்தாலும் 500 ரூபாய் உண்டு. வேலைக்குப் போனால் 1,000 ரூபாய்.

வருஷத்தில் ஒன்பது நாள்களும் வேலை செய்தால், அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாக 4,500 ரூபாய் வர வேண்டும். அதே கடையில் பத்து வருஷம் நின்றிருந்தால் 45,000 ரூபாய். பேட்டாவோடு திருப்திப்பட்டால் போவது இந்தப் பணம்தான்.

எங்கே ஏமாறுகிறோம்?

'மாற்று லீவு கொடுத்துவிட்டோமே' என்பார்கள். பார்த்தால், அது ஏற்கெனவே வர வேண்டிய வார விடுமுறையாக இருக்கும். வார விடுமுறை வேறு, பண்டிகை விடுமுறை வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

'நம் கடை 365 நாளும் திறந்திருக்க அரசே அனுமதி கொடுத்திருக்கிறது' என்பது இன்னொரு பதில். அனுமதி கடைக்குத்தான். ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும் என்பதும் அந்த அனுமதியின் நிபந்தனைதான்.

இதுபோக இன்னும் இருக்கு!

கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, தொடர்ந்து ஒரு வருஷம் வேலை செய்து முடித்தால் அடுத்த வருஷத்தில் 12 நாள்கள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. உடம்பு சரியில்லை என்றால் 12 நாள்கள் வரை, நியாயமான சொந்தக் காரணங்களுக்கு 12 நாள்கள் வரை தனியாக உண்டு. 12 நாள் விடுப்பு பாக்கி இருக்கும்போதே வேலையைவிட்டு நிறுத்தினால், அந்த நாள்களுக்கான சம்பளத்தைக் கணக்கிட்டுத் தர வேண்டும்.

தொழிற்சாலைகளில் கணக்கு வேறு. வேலை செய்த 20 நாள்களுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு சேரும். முன்பு இதற்கு வருஷத்தில் 240 நாள்களாவது வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாள்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. உதாரணமாக, 200 நாள்கள் வேலை செய்தவருக்கு முன்பு எதுவும் கிடையாது. இப்போது 10 நாள்கள். 1958-ம் ஆண்டு விடுமுறைச் சட்டம் தமிழக அரசின் சட்டம் என்பதால், மத்திய அரசின் இந்த மாற்றத்தில் அது ரத்தாகவில்லை.

கேட்பது எப்படி?

முதலில் குறித்துவையுங்கள். வீட்டில் தொங்கும் காலண்டரில், வேலைக்குப் போன விடுமுறை நாள்களை வட்டம் போட்டு, வந்த நேரம், போன நேரத்தை எழுதுங்கள். வேலைக்கு வரச் சொன்ன வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் பணம் வந்த விவரம் எல்லாம் ஆதாரம்தான்.

முதலில் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். பலன் இல்லை என்றால், மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தேசிய விடுமுறை நாள்களில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆய்வு நடத்துவது இவர்கள்தான். சட்ட உதவி தேவைப்பட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம். உதவி எண்: 15100.

கடைசியாக ஒரு விஷயம். நம் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க, சமைக்க வருகிறவர்களுக்கு இந்த ஒன்பது நாள் சட்டம் பொருந்தாது. வீடு ஒரு நிறுவனம் அல்ல என்பதால். அவர்களுக்காகக் கேட்க எந்த ஆய்வாளரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனால், பொங்கலன்றும் தீபாவளியன்றும் நம் வீட்டுச் சமையலறையில் நிற்கிறவருக்கு ஒரு நாள் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுக்க சட்டம் எதற்கு? கணக்குதான் இப்போது நமக்கே தெரியுமே!